ஆள் ஏறினால் உரசும் டயர்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, ஸ்பேனர் பிடிக்க வந்திருக்கும் அந்த ஒரே தங்கையே, உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்று எனக்கே தெரியும். ஜீப்பைத் தூக்கிக் கட்டுவது எப்படி, எந்த டயருக்கு எவ்வளவு காற்று, எல்லாம் உங்கள் கைபேசியில் இருக்கிறது. எங்கோ ஒரு பாலைவனத்தில் தொப்பி போட்ட ஒருவர் நின்றுகொண்டு மணிக்கணக்காகப் பொறுமையாக விளக்குகிறார். அவர் எதிரே வாடிக்கையாளர் இல்லை. வாடிக்கையாளருடைய மாமனாரும் இல்லை. அந்தப் பொறுமைக்கு வேறு காரணம் கிடையாது.

நான் சொல்ல வந்தது அந்தக் காணொளியில் வராத பகுதி.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் என் கடை இருந்தது. இடுப்பு ஒத்துழைக்கும்வரை நடத்தினேன். குனியக் கூடாது என்றார் டாக்டர். எங்கள் தொழிலே குனிவதுதான் என்றேன். அப்படியானால் தொழிலை விடுங்கள் என்றார். அவர் சொன்னதில் இருந்த தர்க்கம் என் மனைவிக்கு மிகவும் பிடித்துப்போனது. ஓய்வு பெற்ற கதை இவ்வளவுதான்.

மலையேறும் வண்டி கட்டுவதற்கு நான் தேர்ந்தெடுத்த ஊரைப் பாருங்கள். கிழக்கே கடல். மற்றபடி எங்கு திரும்பினாலும் ஏரி. மலை என்று சொல்லிக்கொள்ள இருப்பது திருக்கழுக்குன்றம், அதற்கும் ஏற்கெனவே படி கட்டிவிட்டார்கள். நான் தூக்கிக் கட்டிய வண்டிகளில் பாதி, தம் வாழ்நாளில் ஏறிய பெரிய சிகரம் பொத்தேரி பரோட்டாக் கடை வாசலிலிருக்கும் நடைபாதைதான். மீதிப் பாதி உண்மையாகவே காடு மேடு போகும். பாலாற்று மணல், தண்ணீர் வற்றிய ஏரி உள்வாய், சவுக்குத் தோப்பு வழியாகக் கடற்கரை.

முரளிதரன் அந்த மீதிப் பாதியைச் சேர்ந்தவர். சொந்த ஊர் கரூர்ப் பக்கம். கல்பாக்கத்தில் ஆராய்ச்சி வேலை, புதுப்பட்டினத்தில் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாற்று முகத்துவாரத்து மணலில் ஜீப்பை விட்டு, அது புதைந்து, படகு இழுக்கிற கயிற்றைக் கட்டி மீனவர்கள் வெளியே இழுப்பார்கள். இழுக்கும்போது அவர்கள் பாடுகிற பாட்டில் தன் பெயரும் வர ஆரம்பித்ததும் அவருக்கு மானம் போய்விட்டது. வண்டியை உயர்த்தி, பெரிய டயராகப் போட்டுத் தாருங்கள் என்று வந்தார்.

உயர்த்தினோம். பெரிய டயர் போட்டோம். பெரிய டயர் வண்டியின் உடம்புக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும். சேறும் கல்லும் பின்னால் வருகிறவர் முகத்தில் போய் விழும். அதை மூடுவதற்குச் சக்கரத்தின் மேல்வளைவில் மாட்டுகிற கறுப்புப் புருவத்துக்குப் பெயர் ஃப்ளேர். அதை மாட்டுவதற்கு உள்பக்கமிருந்து முடுக்குகிற குட்டை ஸ்க்ரூக்களை ஒரு பையில் போட்டே தருவார்கள். முரளிக்கு அவை பிடிக்கவில்லை. கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, வெளியே வரிசையாகப் போல்ட் தலை தெரிய வேண்டும் என்றார்.

"படத்துல பாத்தீங்கள்ல சார், அந்த மாதிரி மின்னணும்."

"மின்னும். ஆனா போல்ட்டோட வால் உள்ள நீட்டிக்கிட்டு நிக்கும்."

"உள்ள யாரு சார் பாக்கப் போறா?"

"டயர் பாக்கும்," என்றேன்.

அவர் சிரித்தார். நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் எனக்கு வாய்த்த சாபம் அது, நான் எச்சரிக்கை செய்தால் சிரிப்பார்கள், நகைச்சுவை செய்தால் குறித்துக்கொள்வார்கள்.

என்னோடு கடையில் வேலை பார்த்தவர் ஆரோக்கியம். நெம்மேலிக்காரர், ஏறத்தாழ என் வயது. கடையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஃப்ளேர் மாட்டி முடித்ததும் வண்டிக்குள் மணல் மூட்டைகளை ஏற்றுவோம். ஆள் ஏறினால் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு வண்டி இறங்கும். பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, எந்தப் போல்ட்டின் வால் டயரைத் தொடுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் மட்டும் மாற்றுவோம். காலி வண்டியில் எதுவும் உரசாது. காலி வீட்டில் சண்டை வராதது மாதிரி.

முரளியின் வண்டிக்கு மணல் மூட்டை வேலை மட்டும் பாக்கி. மறுநாள் காலையில் அதை முடித்து, மத்தியானம் வண்டியைத் தருவதாகப் பேச்சு. ஆனால் நாங்கள் கடைக்கு வரும்போதே முரளியின் குடும்பம் மொத்தமும் பட்டு உடுத்தி வாசலில் நின்றது. நல்ல நேரத்தை மாமனார் காலண்டரில் பார்த்துவிட்டாராம். அதற்குள் வண்டி கிளம்பியாக வேண்டும். முதலில் திருக்கழுக்குன்றம், பிறகு மகாபலிபுரத்தில் சாப்பாடு, பிறகு ஈசிஆர் என்கிற கடற்கரைச் சாலையில் ஒரு நீண்ட சவாரி.

மாமனார் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலுக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. அவர் கடை முற்றத்தில் நின்ற வண்டியைச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க மாப்ள, கார் வாங்கறன்னுதான சொன்னீங்க? இது லாரியாட்ட நெம்ப ஒசரமா இருக்குதுங்களே?"

முரளி என்னைப் பார்த்தார். இந்த ஜீப்பை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவர் மாமனார் ஒருவர்தான் என்றும், உயர்த்திக் கட்டியதையாவது நல்ல நேரத்தில் எடுத்தால் ஒத்துக்கொள்கிறேன் என்பதுதான் அவர் வைத்த ஒரே நிபந்தனை என்றும் அந்தப் பார்வையில் எழுதியிருந்தது. நான் கதவைத் திறக்கும் நேரத்துக்குள் வண்டிக்கு மாலை போட்டுச் சந்தனம் வைத்தாகிவிட்டது. அப்போதுதான் ஆரோக்கியம் முதல் மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

"அது என்னங்க மூட்டை?" என்றார் மாமனார்.

"மணலு. உள்ள வெச்சி பாக்கணும் நைனா."

"மாலை போட்ட வண்டிக்குள்ள மண்ணையா? கோயிலுக்குப் போற வண்டிங்க இது. வெளங்குமா?"

ஆரோக்கியம் மூட்டையோடு என் பக்கம் திரும்பினார். "இன்னா அண்ணாத்த, ஏத்தட்டா, எறக்கட்டா? முதுகு போவுது."

பத்து நிமிஷ வேலை என்று சொல்லிப் பார்த்தேன். பத்து நிமிஷத்தைப் பற்றி மாமனாருக்கு ஆட்சேபம் இல்லை, மண்ணைப் பற்றித்தான். வாதாடினேன். முரளியின் மனைவி கவிதா வாதாடினார். மாமனார் மாலையின் முன்னால் காவலுக்கு நின்றுவிட்டார். கடைசியில் காலி வண்டியிலேயே ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தோம். டயருக்கும் போல்ட்டுக்கும் நடுவே என் கை தாராளமாகப் போய் வந்தது. அந்த இடைவெளிக்கு அர்த்தமே கிடையாது என்று எனக்கும் ஆரோக்கியத்துக்கும் தெரியும். மற்றவர்கள் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. குடும்பம் ஏறத் தொடங்கியது. உயர்த்திக் கட்டிய வண்டி, அதனால் மாமியாருக்கு என் பிளாஸ்டிக் ஸ்டூல். மாமனாருக்கும் அதே ஸ்டூல். கவிதா, இரண்டு பிள்ளைகள், கவிதாவின் தம்பி. அவர்களுக்குப் பின்னால் ஒரு அண்டா புளியோதரை, தண்ணீர்க் கேன், பூஜைக் கூடை. ஒவ்வொருவர் ஏறும்போதும் வண்டி ஒரு சின்னப் பெருமூச்சோடு கீழே இறங்கியது. நான் அந்தப் பெருமூச்சுகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

முரளி கற்பூரம் காட்டி, தட்டை ஓரமாகத் தரையில் வைத்துவிட்டு ஏறினார். வண்டியை நகர்த்தினார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வாசலை நோக்கி ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார். அப்போது சக்கர வளைவுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. கர்ரக் என்று, பெட்டியைத் தரையில் இழுக்கிற மாதிரி, ரொம்பச் சின்னதாக. பிள்ளைகளின் கைதட்டலில் அது மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. ஆரோக்கியத்துக்குக் கேட்டது. எனக்குக் கேட்டது.

தம்பிகளே, நான் உங்களை நின்று கவனிக்கச் சொல்வது இந்த இடத்தில்தான். அந்தச் சத்தத்துக்குப் பிறகு ஒருவர் மனத்தில் என்னவெல்லாம் ஓடுகிறது என்று கேளுங்கள். அது எலுமிச்சம்பழச் சத்தமாக இருக்கலாம். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தகடு உரசியிருக்கலாம். கோயில் பக்கத்தில்தானே இருக்கிறது, மெதுவாகப் போவார், சாயங்காலம் போன் செய்து வரவழைத்துக்கொள்ளலாம். இத்தனை சமாதானமும் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் வந்து கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றன. இவ்வளவு வேகமாக என் மூளை வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

மறுபக்கம் விஷயம் இது. டயரின் பக்கச் சுவர் மெல்லியது. போல்ட் நுனி அதைக் கீறினால் உடனே ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒவ்வொரு பள்ளத்திலும் அதே இடத்தைக் கீறும். சாப்பிட்டு முடித்து, கடற்கரைச் சாலையில் வேகம் பிடித்த பிறகு முன் டயர் பிளந்தால், உயரத் தூக்கிய வண்டி நேராக நிற்காது. பின் ஜன்னலில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் எனக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள்.

வண்டிக்கு முன்னால் போய்க் கையை நீட்டி, "நில்லுங்க," என்றேன்.

நம் ஊரில் கிளம்புகிறவரைப் பார்த்து 'எங்கே' என்று கேட்டாலே முகம் சுளிப்பார்கள். நான் நல்ல நேரத்தில், மாலை போட்ட வண்டியை, கோயிலுக்குப் போகிற குடும்பத்தை, போக்குவரத்துக் காவலர் மாதிரி மறித்தேன். கற்பூரம்கூட அணைந்துவிட்டது. அது காற்றால்தான், ஆனாலும் அந்த நேரத்தில் அது எனக்கு உதவியாக இல்லை.

மாமனார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "நல்ல காரியத்துக்குக் கெளம்பறப்ப மறிக்கறீங்களே, இது அடுக்குமாங்க?"

இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். டயரின் பக்கச் சுவரில் புதிதாக ஒரு கோடு. போல்ட் நுனியில் கறுப்பு ரப்பர்த் தூள்.

"சார், டயரை போல்ட் கீறுது. எல்லாரும் எறங்கணும். சரி பண்ணிட்டு அனுப்பறேன்," என்றேன்.

முரளி இறங்கக் காலை எடுத்தார். "எறங்காதீங்க மாப்ள," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கால் திரும்பவும் உள்ளே போனது.

"மெதுவா ஓட்டிட்டுப் போறேனே சார்," என்றார் முரளி. "கோயில் வரைக்கும்தான்."

"கோயில் வரைக்கும் மெதுவா ஓட்டுவீங்க. அதுக்கப்புறம் ஈசிஆர்ல?"

அவர் கண்ணாடியில் மாமனாரைப் பார்த்தார்.

"அப்பா, அவரு சும்மாவா சொல்வாரு?" என்றார் கவிதா.

"சும்மா இரு கவிதா. நேரம் போகுது. இதை வுட்டா இனி சாயங்காலம்தான். சாப்பாடு சொல்லிருக்குது."

ஆரோக்கியம் என் காதருகே குனிந்தார். "சாவிய உருவிடட்டா அண்ணாத்த? பேஜாரு புடிச்ச ஆளாகீறாரு."

உருவியிருக்கலாம். உருவினால் அந்த மனிதர் இறங்கி, ஒரு ஆட்டோ பிடித்துக் குடும்பத்தோடு போய்விட்டு, மறுநாள் மாப்பிள்ளையை விட்டு வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருப்பார். வண்டி என்னுடையது இல்லை. எத்தனை நாளைக்குச் சாவியை வைத்துக்கொள்ள முடியும்?

நானோ ரப்பரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். அவருக்கு ரப்பரைப் பற்றிப் பயமே இல்லை என்பது எனக்கு மெல்லத்தான் உறைத்தது. அவருடைய பயம் முழுக்க அந்த நேரத்தைப் பற்றியது. அதற்கு நான் ஒரு வழி காட்டாதவரை என் டயர் அவர் காதுக்குள் நுழையாது. நான் நிறையப் படிப்பவன். ஜாக்கிக்குக் கீழே இருக்கிறவனுக்கு அதனால் நயா பைசா பிரயோஜனம் இருந்ததில்லை. அன்று ஒரு தடவை இருந்தது.

"ஐயா, பரஸ்தானம் வெச்சிட்டா போதும்ல?" என்றேன்.

உங்களில் பலருக்கு இது தெரியாது. நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், கூடக் கொண்டுபோகிற ஒரு பையையோ துணியையோ அந்த நேரத்துக்குள் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு சௌகரியப்பட்டபோது கிளம்பலாம்.

மாமனார் முகத்தில் முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது. உடனே தலைமையாசிரியரும் வந்துவிட்டார்.

"அது ஆளுக்குங்க. நாங்க கெளம்புனதா ஆகும். வண்டி கெளம்புனதா ஆகுமா? பூஜை வண்டிக்கில்ல போட்டது?"

எனக்குத் தலையை அந்த ஃப்ளேரிலேயே முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நானே திறந்துவிட்ட கதவில் நானே மாட்டிக்கொண்டேன். வண்டியிலிருந்து ஒன்று போக வேண்டும், வண்டியும் இங்கேயே இருக்க வேண்டும்.

"அதான் ஸ்டெப்னி கீதே," என்றார் ஆரோக்கியம்.

பின்கதவில் தொங்கிய உபரிச் சக்கரத்தை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமனார் கொஞ்ச நேரம் யோசித்தார். சாஸ்திரத்தில் அதற்கு எதிராக ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. "சீக்கிரம் கழட்டுங்க," என்றார்.

கழற்றினோம். அவரே ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அதற்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். ஆரோக்கியம் அதை உருட்டிக்கொண்டு சாலையைக் கடந்தார். ஒரு மணல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நின்று வழிவிட்டது. எதிரே இருந்த டீக்கடையின் கூரைக்கடியில் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தார்.

"இன்னாபா இது, பொட்டு வெச்சி இட்டாந்துகினு கீற?" என்று டீ மாஸ்டர் கேட்டது சாலைக்கு இந்தப் பக்கமே கேட்டது.

"கோயிலுக்குப் போவுது. நீ உன் வேலைய பாரு."

"டீ போடட்டா அதுக்கு?"

"சக்கர கம்மியா போடு."

ஸ்டூல் மறுபடி வந்தது. குடும்பம் இறங்கியது. எல்லாரும் எதிரே போய்ச் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டார்கள். நாங்கள் முன்சக்கரங்களைக் கழற்றி, மின்னுகிற போல்ட்டுகளையெல்லாம் எடுத்துப்போட்டு, ஃப்ளேரோடு வந்த குட்டை ஸ்க்ரூக்களையே வாஷர் வைத்து முடுக்கினோம். முரளி மட்டும் கூடவே நின்றார். கீறல் விழுந்த இடத்தை விரலால் தடவினார். நகத்தால் கிழித்த கோடு அளவுக்குத்தான் இருந்தது.

"இவ்வளவுதானா சார்?" என்றார்.

இவ்வளவுதான். தம்பிகளே, இந்தக் கேள்வியை நீங்கள் ஆயுள் முழுக்கக் கேட்பீர்கள். நீங்கள் தடுத்துவிட்ட விபத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் கெடுத்த காலை நேரத்தை மட்டும் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அதற்கு நன்றி எதிர்பார்த்தால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம். எனக்கு அன்று நிறைய மிச்சமானது.

வேலை முடிந்து ஆரோக்கியம் மறுபடி மணல் மூட்டையைத் தொட்டார். "மண்ணு வேண்டாங்க, நாங்களே உக்காந்துக்கறோம்," என்றார் சாலையைக் கடந்து வந்த மாமனார். ஸ்டூல். மாமியார். அண்டா. வண்டி இறங்கியது. முன்சக்கரம் ஒன்றைக் கட்டையின் மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை அந்தப் பக்கம், இந்தப் பக்கம் ஒடித்துப் பார்த்தோம். எங்கும் உரசவில்லை. போய் வாருங்கள் என்றேன். அப்போது நடந்துகொண்டிருந்தது சுத்தமான எமகண்டம். அதைப் பற்றி மூச்சு விட ஆளில்லை. அவர்கள் கணக்குப்படி எப்போதோ கிளம்பிப் போய்விட்டவர்கள் அல்லவா.

கை கழுவிவிட்டு டீ குடிக்கப் போனேன். மாஸ்டர் டம்ளரை நீட்டியபடியே கேட்டார்.

"அண்ணாத்த, உங்க சாமி இங்கயே கீதே, இட்டுனு போவலியா?"

குங்குமப் பொட்டோடு ஸ்டெப்னி கூரைக்கடியில் சாய்ந்திருந்தது. முரளிக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் குசுகுசுப்பு.

"சார், பாதி வழில திரும்பறது ஆகாதாம், மாமா சொல்றாரு. ஸ்டெப்னி வந்து சேரலன்னா பரஸ்தானமும் செல்லாதாம். நாங்க கோயில் கிட்ட நிக்கறோம்."

கடை லோடு ஆட்டோவில் அதைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். வழி நெடுக ஆரோக்கியம் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது பேசுவதைவிட மோசமாக இருக்கும்.

மலை அடிவாரத்தில் ஜீப் நின்றது. குடும்பம் மொத்தமும் உள்ளே உட்கார்ந்திருந்தது. முரளி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். மாமனார் மட்டும் கீழே, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு, கைபேசி வெளிச்சத்தைச் சக்கர வளைவுக்குள் அடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒடிங்க மாப்ள. இன்னும். ம், அந்தப் பக்கம்."

நாங்கள் ஸ்டெப்னியை இறக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றோம். அங்கே ஸ்டூல் கிடையாது, இறங்கிய மாமியார் மறுபடி எப்படி ஏறினார் என்று தெரியவில்லை. மாமனார் நிமிர்ந்து பார்க்காமலே எங்களை நோக்கிக் கையைக் காட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க, மாட்டறது அப்பறம் மாட்டலாம். எல்லாரையும் ஏத்தி வெச்சுப் பாத்துட்டிருக்கறேன்." பிறகு, எனக்குப் புரிந்திருக்காதோ என்ற சந்தேகம் வந்திருக்க வேண்டும். திரும்பி நிதானமாக விளக்கினார். "காலி வண்டில பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க."

ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டிருந்த ஆரோக்கியம் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"கேட்டுக்க அண்ணாத்த," என்றார்.